டாஃப்னே தீவும் கிராண்ட் குடும்பமும்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

கடல்நாரை:
பசிபிக் கடலில் ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அதில் ஒன்றான டாஃப்னே மேஜரில் சுற்றுலாக்காரர்களைச் சாதாரணமாக இறக்கமாட்டார்கள். எங்கள் கப்பல் பக்கத்தில் போனபோது வழிகாட்டி ஒரு பாறை விளிம்பைக் காட்டினார். விஞ்ஞானித் தம்பதி பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரியும் ஃபிஞ்ச் குருவிகளை ஆராய 1973-லிருந்து ஏறிய வழி. மணற்கரையே கிடையாது. அலை படகைத் தூக்கும் நேரம் பார்த்துத் தாவ வேண்டும். தீவில் குடிக்கத் தண்ணீர் இல்லை, அதுவும் அந்த விளிம்பு வழியாகத்தான் மேலே போக வேண்டும். நான் பாறையையும் மடியில் இருந்த மகளையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர்களுடைய பெண்கள் நிக்கோலாவும் தாலியாவும் கலாபகோஸ் வந்த காலத்தில் பள்ளிக்கூட வயதுதான். பிள்ளைகளை இங்கே கூட்டிவர எப்படி மனசு வந்தது? இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

வைகைக்கரை:
அக்கா, அந்தப் பெண்களுக்கு அங்கே வேலை இருந்தது. நான் கலாபகோஸின் இன்னொரு தீவான ஜெனோவேசாவில் இறங்கினேன். டார்வின் விரிகுடா மணலில் மாக்கிங்பேர்ட் என்ற பறவை ஒன்று ஓடி வந்து என் ஷூ கயிற்றைப் பிடித்து இழுத்தது. குனிந்தேன், நகரவில்லை. கண்ணுக்குக் கண் பார்த்தது. அந்த ஒரு நிமிடம் போதும், ஒரு பிள்ளைக்கு ஆயுசுக்கும் பறவைப் பைத்தியம் பிடிக்க. மாக்கிங்பேர்டைப் பற்றி நிக்கோலாவும், கலாபகோஸ் புறாவைப் பற்றி தாலியாவும் அப்பாவோடு சேர்ந்து எழுதிய கட்டுரைகள் 1979-ல் ஆய்விதழ்களில் வந்தன. எந்தப் பள்ளிக்கூடம் இதைக் கொடுக்கும்?

ராஜா_எஸ்:
வைகைக்கரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 1977 வறட்சியை மறந்துவிட்டீர்களா? டாஃப்னேயில் சின்ன விதைகள் தீர்ந்து, நம்மூர் நெருஞ்சிக்கு உறவான ஒரு செடியின் முள்காயை உடைக்க முடிந்த பெரிய அலகுக் குருவிகளே அதிகம் பிழைத்தன. மற்றவை கூட்டம் கூட்டமாகச் செத்தன. அப்படிப்பட்ட மண் அது. காய்ச்சல் வந்தால் யாரிடம் போவது? நானும் அந்தக் கடலில் ஓர் இரவு முழுக்க வாந்தி எடுத்தவன்.

போகிறவர்களுக்கு: ஜெனோவேசா வடக்கே தனியாகக் கிடக்கிறது, ராத்திரிப் பயணம், கப்பல் ஆடும். மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போடுங்கள். பையில் பழம், விதை எதுவும் வேண்டாம், சோதனை உண்டு. பறவையிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். அதுவாக வந்தாலும் தண்ணீர் காட்டாதீர்கள். பூங்கா கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து பெரியவர்களுக்கு 200 டாலர், முன்பு 100. பிள்ளைகளுக்குத் தொப்பியோடு முழுக்கைச் சட்டை. வெயில் ஈவு இரக்கம் பார்க்காது.

பெம்ப்ரோக்வாசி:
ராஜா சார், வேல்ஸ் பக்கம் ஸ்கோக்ஹோம் தீவில் பறவை ஆய்வாளர் ரொனால்ட் லாக்லி 1927-ல் குடியேறினார். மனைவி டோரிஸும் அங்கே வாழ்ந்தார், மகள் ஆன் சின்ன வயதை அங்கேதான் கழித்தாள். கரை தட்டி உடைந்த ஒரு பாய்க்கப்பலின் மரமும் நிலக்கரியும் அவர்கள் வீட்டுக்கு ஆனது. நான் அங்கே தங்கிய இரவு நிலா இல்லை. மண்ணில் வளை தோண்டிக் கூடு வைக்கும் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகள் கடற்காக்கைக்குப் பயந்து இருட்டில்தான் கரைக்கு வரும். திடீரென்று என் காலடியில், மண்ணுக்குள்ளிருந்து, கைக்குழந்தை வீறிடுவது போல ஒரு சத்தம். வளைக்குள் இருந்த பறவை வெளியே இருந்த துணைக்குப் பதில் கொடுத்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆனுக்கு அது தினசரி இரவுச் சத்தமாக இருந்திருக்கும். அந்தப் பிள்ளைக்காக நான் பரிதாபப்படமாட்டேன்.

பஃபின் என்ற வண்ண அலகுக் கடற்பறவையையும் அங்கே பார்க்க ஆசை இருந்தால் ஜூலை பாதிக்குள் போய்விடுங்கள், ஆகஸ்டில் அவை கடலுக்குக் கிளம்பிவிடும்.