எர்கோவில் ஒரு கணக்கு, தண்ணீரில் வேறு கணக்கு

ஆண்களோடும் பெண்களோடும் துடுப்பு வலித்தவர்களிடம் ஒரு கேள்வி. வித்தியாசம் உண்மையில் எங்கே தெரிகிறது? "ஆண்களுக்கு வலு அதிகம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது எனக்கே தெரியும்.

போரூர்க்காரர்

நான் 88 கிலோ. உடன் பயிற்சி செய்த பெண் 57 கிலோ. துடுப்பு வலிக்கும் பயிற்சி இயந்திரமான எர்கோவில் 2000 மீட்டருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் அவரை முந்திவிடுவேன். அந்த மிதப்பில் போரூர் ஏரியில் ஆளுக்கொரு ஸ்கல் படகில் (ஒருவரே இரண்டு துடுப்பும் வலிப்பது) இறங்கினோம், இடைவெளி பாதியாகிவிட்டது. எர்கோ நம் எடையைச் சுமப்பதில்லை, படகு சுமக்கிறது. தவிர, தண்ணீரில் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வலு தேவைப்படுகிறது. வலு 30 சதவீதம் குறைந்தாலும் வேகம் 11 சதவீதம்தான் குறையும். எண்மர் படகில் 2000 மீட்டரை ஜெர்மனி ஆண்கள் 2017இல் 5 நிமிடம் 18 விநாடியில் முடித்தார்கள். நியூசிலாந்துப் பெண்கள் 2019இல் 5 நிமிடம் 52 விநாடியில். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேம் நதியில் நான்கு குளிர்காலம்

கேம்பிரிட்ஜில் எங்கள் கல்லூரிப் பெண்கள் அணிக்கு ஆண்கள் கழித்த எண்மர் படகுதான் கிடைத்தது. துடுப்பை இழுத்து முடிக்கும்போது கைப்பிடி நெஞ்சுக்கு ஏறிவிடும், துடுப்பிலை தண்ணீரை விட்டு வெளியே வழுக்கும். "பிடியில் உறுதி போதாது" என்றார் பயிற்சியாளர். நாங்களும் நம்பி, ஒரு பருவம் முழுக்கத் தண்டால் எடுத்தோம்! கடைசியில் படகு பழுதுபார்க்க வந்த பெரியவர் ஒருவர் எங்களை ஏறி உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எண்பது, தொண்ணூறு கிலோ ஆட்களுக்காகச் செய்த படகு அது. எங்கள் எடைக்கு அது அமிழவே இல்லை. துடுப்பைத் தாங்கும் ரிக்கர்கள் நீர்மட்டத்திலிருந்து எட்டாத உயரத்தில் நின்றன. ஸ்பானரை எடுத்து அவற்றை இறக்கினார், அரை மணி நேர வேலை. மறுநாள் காலை துடுப்பிலை தண்ணீரிலேயே நின்றது. முன்னே போகும் படகை முட்டினால் வெற்றி என்பதுதான் பம்ப்ஸ் போட்டி. அந்த ஜூன் மாதப் போட்டியில் முன்னே போன இரண்டு படகுகளை முட்டினோம். தண்டால் எடுத்த தோள்களும் உதவியிருக்கலாம், மறுக்கவில்லை.

ஒலிம்பிக்கில்கூட 1976 முதல் 1984 வரை பெண்களுக்கு 1000 மீட்டர்தான். 1988இல்தான் 2000 மீட்டர் தந்தார்கள். அதுவரை அவர்களால் முடியாது என்று யார் சோதித்துப் பார்த்தார்கள்?

காக்ஸ் இருக்கையிலிருந்து

ஆண்கள், பெண்கள் இரண்டு அணிகளுக்கும் காக்ஸாக, அதாவது சுக்கான் பிடித்துக் குரல் கொடுப்பவராக, இருந்திருக்கிறேன். பக்கத்துப் படகு தெரிந்ததும் என் ஆண்கள் அணி சொல்லாமலே வீச்சைக் கூட்டிவிடும், அடக்குவதே வேலை. பெண்கள் நான் குரல் கொடுக்கும்வரை காத்திருப்பார்கள், கரையேறியதும் "ஏன் இவ்வளவு தாமதமாகச் சொன்னாய்?" என்று பிடித்துக்கொள்வார்கள். என் படகுகளில் கண்டதைத்தான் சொல்கிறேன், எல்லோரும் இப்படியா என்று தெரியாது.

ஆக்ஸ்போர்டு ஆண்கள் படகுக்கு சூ பிரவுன் என்ற பெண் 1981லேயே காக்ஸாக இருந்தார். ஆண்கள் படகுக்குப் பெண்ணும் பெண்கள் படகுக்கு ஆணும் காக்ஸாகலாம் என்ற கதவு உலகப் போட்டிகளில் 2017இல்தான் திறந்தது. காக்ஸின் குறைந்தபட்ச எடையும் இரு பிரிவுக்கும் 55 கிலோ என்றானது. நான் 51 கிலோ. எந்தப் படகில் ஏறினாலும் காலடியில் அதே நான்கு கிலோ மணல் மூட்டை.