பள்ளியில் அடிக்கிற கம்பு திரும்ப வரணுமா? பெற்றோர் கூட்டத்தில் கிளம்பிய வாக்குவாதம்

தெப்பக்குளம் தேவி:
திருமங்கலம் பக்கம் என் அக்கா மகன் படிக்கிற பள்ளியில் வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்தது. அக்காவுக்கு மில்லில் ஷிஃப்ட், அதனால் நான் போனேன். எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் அடித்துக்கொண்டதில் ஒருவனுக்கு நெற்றியில் தையல். அதைப் பற்றிப் பேசும்போது ஒரு அப்பா எழுந்து, "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்த இடமெல்லாம் தோலை உரிங்க சார், ஏன்னு கேட்க மாட்டோம், வேணும்னா எழுதியே தர்றோம்" என்றார். பாதிப் பேர் கைதட்டினார்கள். உடனே ஒரு வெள்ளைத்தாளும் சுற்றி வர ஆரம்பித்தது. நான் கையெழுத்துப் போடாமல் பக்கத்தில் தள்ளிவிட்டேன். அதற்கு, "உங்க பிள்ளையா இருந்தா தெரியும்" என்று ஒரு பேச்சு. வாத்தியார்களும் பெற்றோரும் இருக்கிற இடம் இது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மேலூர் வாத்தியார்:
கையெழுத்துப் போடாதது நல்லது அம்மா. அந்தத் தாளை வாங்கி வைத்தால் தலைமை ஆசிரியருக்குத்தான் முதலில் ஆபத்து. ஆனால் அந்த அப்பாவின் ஆதங்கத்தைக் காதில் வாங்க ஏன் யாருமே இல்லை? நான் கணக்குப் பாடம் எடுக்கிறேன், ஒன்பதாம் வகுப்பில் 52 பேர். ஒருவன் பைக்குள் புகையிலைப் பொட்டலம் இருந்தது. கேட்டதற்கு, "தொட்டுப் பாருங்க சார், 1098-க்குப் போன் போடுறேன்" என்று குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லி மிரட்டினான். வகுப்பே சிரித்தது. 2012-ல் சென்னையில் ஒரு ஆசிரியையை வகுப்பறையிலேயே மாணவன் குத்திக் கொன்றதை நாங்கள் மறக்கவில்லை. கம்பை வாங்கிக்கொண்டீர்கள், சரி. பதிலுக்கு எங்கள் கையில் என்ன கொடுத்தீர்கள்?

உசிலைக்காரன்:
அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். நான் பள்ளிக்கு வராத நாளில் எங்கள் வாத்தியார் வீட்டுக்கே சைக்கிளில் வந்துவிடுவார். புளிய விளாறால் நாலு வைத்து இழுத்துக்கொண்டு போவார். மதியம் தன் தூக்குச் சட்டியில் பாதியை எனக்குக் கொடுப்பார். இன்று மாட்டுத்தாவணியில் சொந்தக் கடை வைத்திருக்கிறேன் என்றால் அவர் புண்ணியம். இப்போது சட்டம், கமிட்டி, கவுன்சிலிங் என்று பேசுகிறவர்கள் எத்தனை பிள்ளைகளைக் கரை சேர்த்தார்கள்?

தெப்பக்குளம் தேவி:
அண்ணே, அந்த வாத்தியார் பெரிய மனுஷர், சந்தேகமே இல்லை. விளாறை எடுத்துவிட்டு மீதியைப் பாருங்கள். நீங்கள் வரவில்லை என்று கவனித்தார், வீடு தேடி வந்தார், தன் சோற்றைக் கொடுத்தார். உங்களைக் கரை சேர்த்தது இதில் எது? உங்களோடு விளாறு மட்டும் வாங்கி, சோறு கிடைக்காமல், ஆறாம் வகுப்போடு ஓடிப்போனவர்கள் இருப்பார்களே, அவர்கள் இங்கே வந்து எழுதப் போவதில்லை.

உசிலைக்காரன்:
ஓடிப்போனவன் அடிக்காக ஓடவில்லை தங்கச்சி, பசிக்காக ஓடினான். அந்தக் காலம் உங்களுக்குத் தெரியாது.

ஜிகர்தண்டா ஜீவா:
அதெல்லாம் இருக்கட்டும், எந்த ஸ்கூல்? எந்தப் பசங்க? என் மச்சான் பையனும் அந்தப் பக்கம்தான் படிக்கிறான்.

ஒத்தக்கடை வக்கீல்:
ஜீவா, அதைக் கேட்காதீர்கள், யாரும் சொல்லவும் வேண்டாம். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. இதுபோன்ற விவகாரத்தில் குழந்தையின் பெயரையோ பள்ளியையோ அடையாளம் தெரிகிற எதையோ வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப்பில் தையல் போட்ட நெற்றியின் போட்டோவை அனுப்புகிறவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் கம்பு போய் 20 வருடத்துக்கு மேலாகிறது. தமிழ்நாடு கல்வி விதிகளில் 51-வது விதியை 2003-லேயே திருத்தி அடியைத் தடை செய்தாயிற்று. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதானே என்று சிலர் கேட்பார்கள். பெரிய பிள்ளைகளுக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 75 இருக்கிறது. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அடித்துத் துன்புறுத்தினால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். பொறுப்பில் வைத்திருப்பவர் என்றால் அதில் பெற்றோரும் அடக்கம். "எழுதித் தர்றோம்" என்ற அப்பாவுக்கு இது தெரியாது. அவர் கையெழுத்துக்குச் சட்டத்தில் காலணா மதிப்பில்லை.

மேலூர் வாத்தியார்:
சட்டம் எங்களுக்கு மனப்பாடம் வக்கீல் சார். 2024-ல் உயர் நீதிமன்றம் உடல் தண்டனை கூடாது என்று சொன்ன பிறகு சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கையாக வந்தது. நான் கேட்டது வேறு. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் என்ன நடந்தது? பள்ளிக்கூடப் பையன்கள், கூடப் படித்தவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அந்தச் சாதிக் கயிறு கட்டுகிற நோய் இங்கே மேலூரிலும் இருக்கிறது, உசிலம்பட்டியிலும் இருக்கிறது. ஒரு கலர் கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் சாயங்காலம் வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். குழந்தைகள் மேல் வன்முறை என்றால் உங்களுக்கு வாத்தியார் கை மட்டும்தான் ஞாபகம் வருகிறது.

ஒத்தக்கடை வக்கீல்:
நியாயமான கேள்வி. ஆனால் அரிவாள் எடுத்தவன் வீட்டில் அடியே வாங்காமல் செல்லமாக வளர்ந்தவன் என்று யார் சொன்னது? கோபம் வந்தால் கை ஓங்கலாம், பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்பதை வீட்டிலும் பள்ளியிலும் நாமே தினமும் நடத்திக் காட்டுகிறோம். நாங்குநேரிக்குப் பிறகு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதில் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எல்லாவற்றையும் பற்றிப் பரிந்துரை இருக்கிறது. பெரிய பள்ளிகளுக்கு பள்ளி நல அலுவலர் பணியிடமும் கேட்டிருக்கிறார்கள். "கையில் என்ன கொடுத்தீர்கள்" என்ற உங்கள் கேள்விக்கு அங்கே பாதிப் பதில் இருக்கிறது. சங்கத்தில் அதற்கு ஒரு நாள் கொடி பிடித்தீர்களா?

தெப்பக்குளம் தேவி:
இன்னொன்றும் கேட்கணும். உங்கள் காலத்தில் அடி யார் மேல் விழுந்தது? பேங்க் மேனேஜர் பையன் மேலா? கவுன்சிலர் பிள்ளை மேலா? அப்பன் வந்து கேட்க முடியாத பிள்ளை மேல்தான் விழுந்தது. கூலி வேலையை விட்டுவிட்டு பள்ளிக்கு வர முடியாதவர், வந்தாலும் கைகட்டி நிற்பவர், அவர் பிள்ளை. திண்ணைப் பள்ளியில் கோதண்டம் என்று கையைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிடுவார்களாம். அதுவும் ஒரு காலத்தில் படிப்புக்கு அவசியம் என்றுதான் இருந்தது.

2007-ல் மத்திய அரசு ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலம், தமிழ்நாடு அதில் இல்லை. பள்ளி செல்லும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பேர் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். வீட்டில் அடி வாங்கியவர்களில் பெரும்பாலோரை அடித்தது பெற்றோரே. அடித்துத் திருத்தலாம் என்றால் இந்த நாடு எப்போதோ திருந்தியிருக்கணும்.

உசிலைக்காரன்:
அடி யார் மேல் விழுந்தது என்ற இடத்தில் நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தான். ஆனால் அதற்காக வாத்தியாரை வெறும் பொம்மையாக உட்கார வைத்தால் அந்தக் கூலிக்காரன் பிள்ளைதான் முதலில் கெடும். மேனேஜர் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது.

புது உறுப்பினர்:
டியூஷன் என்றதும் எழுதுகிறேன். எங்கள் சொந்தக்காரப் பெண் குழந்தை, ஆறாம் வகுப்பு. டியூஷனுக்குப் போகமாட்டேன் என்று கொஞ்ச நாளாக அடம். கேட்டால் "அங்கிள் அடிப்பாரு" என்கிறாள். அதற்கு மேல் பேச மாட்டேன் என்கிறாள். ராத்திரி படுக்கையில் ஒன்றுக்குப் போகிறாள், முன்னால் இந்தப் பழக்கம் இல்லை. அவள் அப்பாவோ, "ஒழுங்கா படிச்சா ஏன் அடிக்கப் போறாரு, அடிச்சா நல்லதுக்குத்தான்" என்று அனுப்பிவிடுகிறார். என்ன செய்வது?

மேலூர் வாத்தியார்:
முதலில் இன்றைக்கே டியூஷனை நிறுத்துங்கள் அம்மா. காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். நல்லா ஓடியாடுகிற பிள்ளை திடீரென்று இப்படி ஆனால் சும்மா விடக்கூடாது.

ஒத்தக்கடை வக்கீல்:
வாத்தியார் சொன்னதுதான் முதல் வேலை. அடுத்தது, பிள்ளையை உட்கார வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அவளுக்குப் பிடித்த ஒருவர் பக்கத்தில் இருந்து, "நீ எதைச் சொன்னாலும் உன்னைத் திட்ட மாட்டோம்" என்று ஒரு தடவை சொன்னால் போதும். அந்த ஆளிடம் போய்ச் சண்டை போடவும் வேண்டாம், உஷாராகிவிடுவான். 1098-க்கு அடியுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. வெறும் அடியா, வேறு ஏதாவதா என்பதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் அதற்குத்தான் இருக்கின்றன.

புது உறுப்பினர்:
போலீஸ் ஸ்டேஷனுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகணுமா? அவள் அப்பாவுக்கு அந்தப் பயம்தான். வெளியே தெரிந்தால் நாளைக்கு என்ன ஆகும் என்கிறார்.

ஒத்தக்கடை வக்கீல்:
வேண்டியதில்லை. பாலியல் குற்றம் என்று சந்தேகம் வந்தால் 2012-ம் வருடத்து போக்சோ சட்டம் வரும். அதன் பிரிவு 24-படி, வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அவளுக்கு விருப்பமான இடத்திலோதான் வாங்கணும். கூடுமானவரை பெண் எஸ்.ஐ., அதுவும் சீருடை இல்லாமல். பெயர் வெளியே வராது. நல்ல எண்ணத்தில் தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம், ஆறு மாதம் வரை சிறை. அவள் அப்பாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

தெப்பக்குளம் தேவி:
வாத்தியார் சார், நான் சொல்ல வந்தது இதுதான். "அடிச்சா நல்லதுக்குத்தான்" என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை, பெரியவர் கை தன் மேல் பட்டால் அதில் தப்பு தன்னுடையது என்று நினைக்கும். சொல்லாது. சொன்னால் வீட்டிலும் இரண்டு விழும் என்று அதற்குத் தெரியும். அந்த மௌனத்தை நம்பித்தான் இந்த மாதிரி ஆட்கள் கடை விரிக்கிறார்கள்.

மேலூர் வாத்தியார்:
டியூஷன் அயோக்கியனையும் வகுப்பில் நிற்கிற என்னையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள், அதை நான் ஏற்க மாட்டேன். என் பசங்களில் "சார், ஒரு விஷயம்" என்று தனியாக வந்து அழுதவன் உண்டு.

தெப்பக்குளம் தேவி:
அவன் உங்களிடம் வந்தது நீங்கள் அடிக்காததால் இருக்கும் சார். பள்ளியில் "மாணவர் மனசு" பெட்டி வைத்தார்களே, அதில் யார் மேல் புகார் எழுதுவான், பெட்டியைத் திறப்பது யார்? எங்கள் அக்கா மகன் சிரிக்கிறான். "அதுல பேனா மூடிதான் கிடக்கு சித்தி" என்கிறான்.

ஜிகர்தண்டா ஜீவா:
எங்கள் பள்ளியில் மிட்டாய்த்தாள்.

மேலூர் வாத்தியார்:
பெட்டி விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன், எங்கள் பள்ளியில் சாவியே யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கணும். ஆனால் தேவி அம்மா, அடுத்த மேலாண்மைக் குழுவில் நீங்கள் ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். பாதிக்குப் பாதி பெண்கள் இருக்கிற குழு, பெற்றோர்தான் பெரும்பான்மை, உங்களால் முடியும். ஒரு வகுப்புக்கு 35 பேருக்கு மேல் கூடாது, வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சி பெற்ற ஆலோசகர் பள்ளியில் உட்காரணும், பள்ளி நல அலுவலர் பணியிடம் வேணும். இதை எழுதி மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, ஒப்புகை வாங்கிக்கொண்டு வந்து இங்கே போடுங்கள். அது வரைக்கும் கம்பு வேண்டாம் என்று என்னிடம் சொல்வதை நான் கேட்டுக்கொள்கிறேன், ஒத்துக்கொள்ளவில்லை.

புது உறுப்பினர்:
1098-க்கு அடித்தாயிற்று. நாளைக்கு ஒரு அக்கா வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். இனி இங்கே எதுவும் எழுத மாட்டேன், யாரும் கேட்கவும் வேண்டாம்.