மறு: துப்பாக்கிக் கட்டை – அசைவதற்கும் அசையாததற்கும் என்ன பெயர்?

செல்லூரிலிருந்து:

தம்பிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

நோர்வேயிலிருந்து தம்பி கேட்டது இரண்டு கேள்வி. எல்க் மான் வேட்டைக்கு வாங்கப்போகும் துப்பாக்கியில் ஒரே மரமாகச் செதுக்கிய ஸ்டாக் (குழலைத் தாங்கி, தோளில் பதித்துப் பிடிக்கிற பாகம்) நல்லதா, நீளத்தையும் உயரத்தையும் கூட்டிக் குறைக்கிற ஸ்டாக் நல்லதா என்பது ஒன்று. அங்கே வளரும் நம் பிள்ளைகளுக்காக அவர் எழுதும் தமிழ்க் குறிப்பில் இந்த இரண்டையும் எப்படி அழைப்பது என்பது இன்னொன்று. மூன்று நாளில் பதினொரு மடல் வந்துவிட்டது. பத்து மடல் பெயரைப் பற்றி. முதல் கேள்விக்கு வந்த ஒரே மடலும் "வேட்டை பாவம்" என்பதோடு முடிந்துவிட்டது.

நான் முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பொருளைத் தொட்டுப் பார்க்காமல் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஒருவர் கணினியிடம் கேட்டு அனுப்பிய "சரிசெய்யக்கூடிய பங்கு" ஒன்றே போதும். அதைத் தோளில் வைத்துச் சுட முடியாது, பங்குச் சந்தையில் விற்கலாம்.

இங்கே மதுரைப் பக்கம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைத் துப்பாக்கி என்ற பேச்சே குறைந்துபோனது. எனக்கு இந்தச் சாமானோடு பழக்கம் வந்தது இரண்டு வழியில். அப்பா ஆசாரி. டவுனில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றுக்கு மரவேலை மட்டும் செய்து கொடுத்தார். இரும்பு கடையிலேயே இருக்கும், மரம் மட்டும் பட்டறைக்கு வரும். "கட்டை வந்திருக்கு" என்று அவர் சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இரண்டாவது, என் தங்கை மகள். இங்கே ரைபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள்.

அப்பா அளவெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கடைக்கே போய், துப்பாக்கிக்காரரின் முழங்கையை மடக்கச் சொல்லி, கட்டையின் அடியை அந்த மடிப்பில் வைத்து, ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசையில் படுகிறதா என்று பார்ப்பார். முழுத் துல்லியமான அளவு என்று சொல்ல முடியாது, ஆனால் தொடங்க அது போதும். உசிலம்பட்டிப் பக்கம் பயிர்க்காவலுக்கு உரிமம் வைத்திருந்த ஒருவர் ஆள் குள்ளம். அவருக்காக அடியில் ஒரு விரற்கடை அறுத்தார். வருடங்கள் கழித்து அவருடைய மகன் பெயருக்கு உரிமம் மாறியது. மகன் அப்பனைவிட ஒரு தலை உயரம். அறுத்த இடத்தில் கருப்பு மரத்துண்டு ஒன்றை வைத்து, இரண்டு திருகு போட்டு, பசை வைத்து ஒட்டிக்கொடுத்தார். "ஒட்டிட்டேன், ஆனா பாக்குறவனுக்கு ஒட்டுனதுன்னு தெரியும்" என்று ரொம்ப நாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கருப்புத் துண்டைத்தான் இன்றைக்குக் கம்பெனிக்காரர்கள் ஸ்பேசர் என்று பொட்டலம் கட்டி விற்கிறார்கள். சராசரி ஆளுக்கென்று விசையிலிருந்து அடிவரை 34, 35 சென்டிமீட்டர் வைத்துத் துப்பாக்கி வருகிறது. ரெடிமேட் சட்டை மாதிரி. ரெடிமேட் சரியாக உட்காரும் உடம்பும் உண்டு, அவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. நீளம் அதிகமானால் குறிபார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டுகிற தொலைநோக்கியான ஸ்கோப்பைக் கண் எட்டாது, பார்வை ஓரத்தில் கருப்பு வட்டம் விழும். குறைந்தால் சுடும்போது ஸ்கோப் பின்னால் வந்து புருவத்தைக் கிழிக்கும்.

ஆனால் என் அனுபவத்தில் நீளத்தைவிடப் பெரிய சிக்கல் உயரம். பழைய கட்டைகள் குழல்மேல் இருக்கும் இரும்புக் குறிகளைப் பார்ப்பதற்காகச் செதுக்கியவை. அதனால் கன்னம் படும் மேல்விளிம்பு தாழ்ந்திருக்கும். அதே துப்பாக்கியில் ஸ்கோப் ஏற்றினால் கண் மேலே போக வேண்டியிருக்கிறது, கன்னம் அந்தரத்தில் நிற்கிறது, தாடையை வைத்துச் சமாளிக்கிறார்கள். தலை ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் உட்காரும், குண்டும் அப்படியே போகும். ஒரு சோதனை உண்டு: கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றுங்கள், கன்னத்தை வசதியாகச் சாயுங்கள், பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிந்தால் அந்தக் கட்டை உங்களுக்கு. கழுத்தை நீட்ட வேண்டியிருந்தால் இல்லை. (துப்பாக்கி காலியா என்று முதலில் பார்த்துவிட்டு, பாதுகாப்பான பக்கம் நீட்டி.)

தங்கை மகளின் ரைபிளில் எல்லாமே ஏறும், இறங்கும், நகரும். மொத்த எடை 5.5 கிலோவுக்குள் இருந்தால் போதும் என்பது விதி. நின்ற இடத்திலேயே சுடுவதால் அந்த எடையும் அவளுக்குப் பாரமில்லை, உதவிதான். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கிளப் துப்பாக்கியை நாலு பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சுடுகிறார்கள். ஒரு போட்டிக்கு முதல் நாள் யாரோ கன்னத்துண்டைத் தன் அளவுக்கு ஏற்றிவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவளும் கவனிக்கவில்லை. முதல் பத்துச் சூடும் மேலே மேலே போயிற்று. அன்றைக்குச் சாயங்காலமே நகப்பூச்சால் கோடு போட்டு வைத்தாள்.

வேட்டைக்குப் போகிறவர் நகப்பூச்சு எடுத்துக்கொண்டு போக மாட்டார். நாள் முழுக்கத் தூக்கி நடந்து ஒரு சூடோ இரண்டு சூடோதான். திருகு தளர்ந்து கடகடத்தால் மானுக்குக் கேட்கும். பட்டன், நெம்பு என்று துருத்திக்கொண்டிருப்பவை புதரில் மாட்டும். இன்னொன்று, கன்னத்துண்டை அதிகமாக ஏற்றிவிட்டால் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டைப் பின்னால் இழுத்து வெளியே எடுக்க முடியாது, அதில் போய் இடிக்கும். கடையில் இதைச் சோதிக்காமல் வாங்கிவிட்டுத் துடைக்கும்போதெல்லாம் கன்னத்துண்டைக் கழற்றுகிறவர்கள் உண்டு.

ஆகவே தம்பி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் அசையாத கட்டையைத்தான் எடுப்பேன், ஆனால் ஸ்கோப்புக்கென்று விளிம்பு உயர்த்திச் செய்த கட்டையாக, அடியில் ஸ்பேசர் சேர்க்க எடுக்க வசதி உள்ளதாக. கண்மூடிச் சோதனையில் அது தோற்றால் மட்டும் கன்னம் ஏறி இறங்குவதற்குப் போங்கள். குளிர்ச்சட்டை போட்டால் இந்த அளவு எப்படி மாறும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், எங்களுக்கு மார்கழிக்கே ஒரு துண்டு போதும்.

இனிப் பெயர். "ஸ்டாக்" முழுவதுக்கும் நான் கேட்பது கட்டை. தம்பி சொன்ன பிடங்கு அருமையான சொல். ஈழத்துச் செய்திகளில் "துப்பாக்கிப் பிடங்கால் தாக்கினர்" என்று படித்திருக்கிறேன். நம் ஊர்ச் செய்தித்தாளில் அதையே "துப்பாக்கியின் பின்பக்கத்தால்" என்று நீட்டி எழுதுகிறார்கள். ஆனால் பிடங்கு அடிப்பாகம்தான். முன்னால் இடதுகை ஏந்துகிற பாகத்தையும், நடுவில் வலதுகை பிடிக்கிற ஒடுங்கலையும் யாரும் பிடங்கு என்று சொல்லி நான் கேட்டதில்லை. பிடங்கை அதன் இடத்திலேயே வைத்துக்கொள்வோம்.

இப்போது பிளாஸ்டிக்கிலும் கார்பன் இழையிலும் வருகிறதே, அதைக் கட்டை என்பது எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். நெல் அளந்த மரக்கால் இரும்பில் வந்த பிறகு யாராவது இரும்புக்கால் என்றார்களா?

"நிலைக்கட்டை, நகர்கட்டை" என்று ஒரு ஜோடி வந்தது. ஆசாரி வீட்டில் பிறந்தவனுக்கு நிலை என்றால் கதவு நிலைதான். அது போகட்டும். நகர்கட்டையில் எனக்கு உண்மையான மறுப்பு இதுதான்: கட்டை நகர்வதே இல்லை. கன்னம் சாயும் துண்டும் தோளில் பதியும் துண்டும்தான் நகர்கின்றன. அந்த இரண்டுக்கும் முதலில் பெயர் வைத்தால் மீதி தானாக வரும். தலை சாய்வதற்குத் தலையணை இருக்கிறது. அப்படியானால் தோள் சாய்வது தோளணை, கன்னம் சாய்வது கன்னவணை. அவை மாறுகிற கட்டை மாறணைக் கட்டை. மாறாதது வெறும் கட்டைதான், பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் முழுக்கட்டை.

அடிக்க வாருங்கள், காத்திருக்கிறேன்.

*

திருநகரிலிருந்து:

கன்னம் + அணை, மகரம் கெட்டு உடம்படுமெய் வந்து கன்னவணை. சரி. மாறு + அணை, உகரம் ஓடி மாறணை, வினைத்தொகை. மாறணையை உடைய கட்டை என்று விரிவதால் மாறணைக் கட்டையில் க் மிகும். இலக்கணத்தில் குற்றமில்லை.

குற்றம் காதில். மாறன் பாண்டியர் பெயர். மூன்று சுழி போட மறந்து மாறனை என்று அச்சாகிவிட்டால் துப்பாக்கிக் கடையில் பாண்டியன் வந்து நிற்பான். மதுரைக்காரர் வைத்த பெயர் என்று அப்போதே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம், இந்த ஊரில் அணை என்றால் வைகை அணைதான் முதலில் நினைவுக்கு வரும். "ஏற்றிறக்கக் கட்டை" என்று வைத்தால் என்ன? சைக்கிள் கடையில் சீட்டை "ஏத்தி இறக்கித் தா" என்றுதானே கேட்கிறோம்?

கட்டை என்ற சொல்லைப் பள்ளிப் பிள்ளைகள் எப்படியெல்லாம் புழங்குகிறார்கள் என்பது முப்பது வருடம் வகுப்பில் நின்ற எனக்குத் தெரியும். அதை நான் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பயத்தில் பார்த்தால் தமிழில் பாதிச் சொல் மிஞ்சாது.

*

நோர்வேயிலிருந்து:

அண்ணை, வாத்தியார் ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி.

குளிர்ச்சட்டைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே எல்க் வேட்டை செப்டம்பர் 25 அளவில் தொடங்கும். அப்போது மெல்லிய சட்டை. பனி விழத் தொடங்கினால் கம்பளியும் மேல்சட்டையுமாகத் தோளுக்கும் துவக்குக்கும் இடையில் ஒரு விரல் தடிப்புக் கூடிவிடும். செப்டம்பரில் அளவாக இருந்த துவக்கு அப்போது நீளமாகிவிடும், தூக்கும்போது கக்கத்தில் சிக்கும். அதனால் குளிருக்கு ஒரு ஸ்பேசரைக் கழற்றிவிடுவோம். அண்ணை சொன்ன முழுக்கட்டையிலும் அதைச் செய்யலாம் என்பது விளங்கிவிட்டது.

வேட்டைக்கு முன் ஒவ்வொரு வருசமும் 30 பயிற்சிச் சூடு சுட்டு, பிறகு 100 மீற்றரில் 5 சூடு சுட்டுத் தேற வேண்டும். போன வருசம் நான் தேறினது மச்சானின் இரவல் துவக்கில். அவர் என்னைவிடக் கட்டை. (பாருங்கோ, இந்தச் சொல் எங்கேயெல்லாம் வருகுது!) நேற்றுக் கடையில் கண்ணை மூடிப் பார்த்தேன். மூன்று முழுக்கட்டையில் ஒன்றில் முழு வட்டமும் தெரிந்தது. அதையே சொல்லி வைத்துவிட்டு வந்தேன்.

தோளணை என்ற சொல்லை மகனிடம் சொன்னேன். விளக்கம் கேட்காமல் றப்பர்த் துண்டைத் தொட்டுக் காட்டினான். ஆனால் மாறணை என்றதற்கு முழித்தான்.

*

செல்லூரிலிருந்து:

மகன் முழித்துவிட்டான் என்றால் மாறணை போகட்டும். நான்தான் பெற்றேன், நானே விட்டுக்கொடுக்கிறேன். வாத்தியார் ஐயாவின் ஏற்றிறக்கக் கட்டையில் உயரம் மட்டும்தான் வருகிறது, நீளம் வரவில்லை. தோளணை ஏறி இறங்குவதைவிட முன்னும் பின்னும் போவதுதானே அதிகம்? "அணை நகரும் கட்டை" என்று மூன்று சொல்லாகவே எழுதிவிடலாமா? கலைச்சொல் ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? குறிப்பில் நாலு இடத்தில்தான் வரப்போகிறது. தோளணை, கன்னவணை, பிடங்கு, முழுக்கட்டை இவை நாற்பது இடத்தில் வரும். அவை நன்றாக உட்கார்ந்துவிட்டன.

மிச்சம் ஒன்று இருக்கிறது. விசையிலிருந்து தோளணை நடுவரை உள்ள நீளம். "இழுப்பு நீளம்" என்று வந்திருப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே யாரும் எதையும் நீளமாக இழுப்பதில்லை, விரல் இம்மி அசைகிறது, அவ்வளவுதான். அப்பா இதற்கு ஒரு பெயரும் சொன்னதில்லை, "எட்டுதா?" என்று மட்டும் கேட்பார். அதிலிருந்து "எட்டம்" என்று வைக்கலாம் என்பது என் யோசனை. தெற்கே எட்டம் என்றால் தொலைவு என்று பொருள் கொள்வார்கள். அதுவும் இங்கே பொருந்தித்தான் போகிறது: "என் எட்டம் 34, குளிருக்கு 33."

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். திங்கட்கிழமை தம்பி அச்சுக்குக் கொடுக்கிறார்.