முதற்பிள்ளை சிசேரியன், இரண்டாவது சுகப்பிரசவம்: ஒட்டுசுட்டானிலிருந்து என் அனுபவம்

முதற்பிள்ளை சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தானா என்று கேட்ட தங்கைக்காக இதை எழுதுகிறேன்.

2018இல் என் மகன் கால்மாறிக் கிடந்ததால், நோவு தொடங்குமுன்பே சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். அதன்பின் ஆறு கிழமை, எனக்கும் சேர்த்து மாமியே தண்ணீர் அள்ளினார். 2021இல் நான் மீண்டும் கர்ப்பமானபோது, "இன்னொருக்கா வயித்தை வெட்டினா எப்பிடி வாளி இழுப்பாய், பிள்ளை?" என்று கிணற்றடியில் கயிற்றைப் பிடித்தபடி அவர் கேட்டார். அம்மாவோ, பழைய தழும்பு பிரிந்துவிடும் என்று அஞ்சிச் சத்திரசிகிச்சையையே வற்புறுத்தினார்.

இருவரின் கவலையையும் கிளினிக்கில் மகப்பேற்று வைத்தியரிடம் அப்படியே சொன்னேன். அவர் முதலில் கேட்டது முதற்பிரசவத்தின் அட்டையைத்தான். ஏனெனில் வயிற்றில் தெரியும் தழும்பை வைத்து, உள்ளே கருப்பையை எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாதாம். கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியதாகவும், பிள்ளை கிடந்த நிலையே காரணம் என்றும் அதில் இருந்தது. இம்முறை தலை கீழே இருந்ததாலும், மூன்று ஆண்டு இடைவெளி இருந்ததாலும், முயன்று பார்க்கலாம் என்றார். அப்படி முயல்பவர்களில் நால்வரில் மூவரளவில் சுகமாகப் பெறுகிறார்கள் என்றும், ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத் தழும்பு பிரியலாம் என்றும், சிசேரியன் கூடக்கூட அடுத்த கர்ப்பத்தில் இளங்கொடி (நஞ்சுக்கொடி) தழும்பில் ஒட்டி வளரும் ஆபத்தும் கூடும் என்றும் பொறுமையாக விளக்கினார்.

அந்த 200இல் ஒன்றுதான் என்னை உறங்கவிடவில்லை. இரவில் யானை இறங்கும் எங்கள் வீதியில், நோவு வந்தபின் வாகனம் தேட முடியாது. ஆகவே எந்நேரமும் சத்திரசிகிச்சை செய்யவும் இரத்தம் ஏற்றவும் வசதியுள்ள வைத்தியசாலையில், குறித்த நாளுக்கு ஒரு கிழமை முன்பே அனுமதியானேன். நோவு தானாகவே வந்தது. பிள்ளையின் இதயத்துடிப்பை இயந்திரம் ஓயாமல் பதிந்துகொண்டிருக்க, பதினொரு மணித்தியாலத்தின் பின் மகள் பிறந்தாள்.

என் மச்சாளும் இப்படியே முயன்றவள். பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கியதால் மீண்டும் சத்திரசிகிச்சைக்குப் போக நேர்ந்தது. அவளுக்குத் தைரியம் போதவில்லை என்று ஊரில் சிலர் பேசியதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்தார்கள்.

தங்கச்சி, உங்கள் அட்டை தொலைந்திருந்தால், முதற்பிரசவம் நடந்த வைத்தியசாலையில் பழைய பதிவை இப்போதே கேளுங்கள். ஒன்பதாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.