மலேசியாவில் தளம் திறக்கவில்லை: முடக்கமா, கோளாறா?

கேள்வி: ஒரு செய்தித் தளத்துக்குப் போனால் சான்றிதழ் (தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் அடையாளம்) எச்சரிக்கை வருகிறது. முடக்கிவிட்டார்களா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1: கட்டளைச் சாளரத்தில் என்எஸ்லுக்அப் (nslookup, தளப் பெயருக்குரிய ஐபி முகவரியைக் காட்டுவது) கட்டளையோடு தளப் பெயரைக் கொடுங்கள். 175.139.142.25 என்று வந்தால் முடக்கம்தான்; அது தடை அறிவிப்புப் பக்கத்தின் முகவரி. அந்த சர்வரிடம் நீங்கள் தேடும் தளத்தின் சான்றிதழ் இருக்காது, அதனால்தான் எச்சரிக்கை.

பதில் 2: முடக்கத்தைத் தாண்ட, டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) அமைப்பில் கூகுளின் 8.8.8.8 போட்டால் மட்டும் போதாது. வழக்கமான டிஎன்எஸ் பாதையான போர்ட் 53 வழியாகப் போகும் கேள்வி மறையாக்கம் இல்லாமல் வெட்டவெளிச்சமாகப் போகிறது. இணைய நிறுவனம் வழியிலேயே மடக்கித் தன் பதிலைத் தரலாம். 2024 செப்டம்பரில் அப்படித் திருப்பிவிட எம்சிஎம்சி (மலேசியாவின் தொடர்பு, பல்லூடக ஆணையம்) உத்தரவே போட்டது, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தினார்கள். உலாவி அமைப்பில் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' (டிஎன்எஸ் கேள்வியை மறையாக்கி அனுப்புவது) வசதியை இயக்குங்கள்.

பதில் 3: 2015-இல் ஊழல் செய்திகளை வெளியிட்ட சரவாக் ரிப்போர்ட் என்ற செய்தித் தளத்தை முடக்கியதும் எம்சிஎம்சிதான். 2018-இல் ஆட்சி மாறிய பிறகே திறந்தார்கள். ஊழல் செய்தியை மக்களிடமிருந்து இத்தனை காலம் மறைத்தது பெரிய அநியாயம்.