கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்து: அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவின் இடது கண்ணில் மட்டும் கண் அழுத்த நோய் இருப்பதால், மூன்று ஆண்டுகளாக இரவில் ஒரு சொட்டு லட்டனோபிராஸ்ட் விட்டு வருகிறோம். அழுத்தம் 26இலிருந்து 16ஆகக் குறைந்திருக்கிறது. அதில் எங்களுக்குப் பெரும் நிம்மதி. ஆனால் அந்தக் கண்ணின் இமைமுடி மூக்குக்கண்ணாடியில் உரசும் அளவுக்கு நீண்டுவிட்டது. கீழ் இமை கறுத்து, மேல் இமை உள்வாங்கியிருக்கிறது. அம்மா இப்போதெல்லாம் புகைப்படம் எடுத்துக்கொள்ள மறுக்கிறார்.

இம்மருந்து, செல்களில் மருந்து பற்றிக்கொள்ளும் இடமான ஏற்பிகளுள் எஃப்.பி. என்னும் புரோஸ்டாகிளாண்டின் ஏற்பியைத் தூண்டி, கண்ணுக்குள் இருக்கும் சிலியரித் தசையின் இடைவெளிகளைத் தளர்த்திக் கண்ணின் உள்ளே இருக்கும் நீர்மத்தை வடியச் செய்கிறது. அதே ஏற்பி கண்குழியின் கொழுப்புத் திசுவிலும் செயல்பட்டுப் புதிய கொழுப்பு உருவாவதைத் தடுப்பதால்தான் இமை உள்வாங்குகிறது என்று படித்தேன். 2018இல் ஜப்பானில் அனுமதி பெற்ற ஒமிடெனெபாக் என்ற சொட்டு மருந்து, இ.பி.2 என்ற வேறொரு ஏற்பியின் வழியே செயல்படுவதால் இத்தகைய மாற்றங்கள் அதில் அரிது. ஆயினும் கண்புரை அறுவை செய்து செயற்கை வில்லை பொருத்திய கண்ணில், விழித்திரையின் மையப்பகுதி வீங்கக்கூடும் என்பதால், அதைப் பயன்படுத்தக் கூடாது. அம்மாவுக்கு அதே கண்ணில் புரையும் வளர்ந்து வருவதே என் கவலை. ஆஸ்துமா இருப்பதால் டிமோலால் என்ற மற்றொரு கண் அழுத்தச் சொட்டு மருந்துக்கும் மாற முடியாது.

மருந்தை மாற்றிய பிறகு உள்வாங்கிய இமை யாருக்கேனும் பழைய நிலைக்குத் திரும்பியதா, எத்தனை மாதங்களாயின? ஒமிடெனெபாக் இந்தியாவில் கிடைக்கிறதா? அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடம் எவற்றையெல்லாம் கேட்க வேண்டும் என்பதையும் தெரிந்தவர்கள் அன்புகூர்ந்து சொல்லுங்கள். அதுவரை சொட்டு மருந்தை ஓரிரவும் நிறுத்தமாட்டோம்.