பனியில் உண்மையில் கைகொடுத்த சாமான்கள்: ஸ்கீ, மலையேற்ற அனுபவப் பகிர்வு

ஒஸ்லோ

ஒவ்வொரு ஜனவரியும் யாராவது ஒருவர் கேட்பார்: "அண்ணை, ஸ்கீ பழகப் போறன், என்னென்ன வாங்கவேணும்?" கடையில் கேட்டால் நீளமாக ஒரு பட்டியல் தருவார்கள், அதே நீளத்துக்குப் பில்லும் வரும். அதனால் இங்கே ஒரு வேண்டுகோள். விளம்பரத்தில் படித்ததை விடுங்கள். நீங்கள் போட்டுப் பார்த்தது, மற்றவர்களிடம் கண்டது, அதை மட்டும், மேலே உங்கள் ஊர்ப்பெயரைப் போட்டு எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

இங்கே நம்மில் அநேகம் பேர் முதன்முதலில் ஸ்கீ போட்டது ஒஸ்லோவை ஒட்டிய நூர்மார்க்காக் காட்டில்தான். முதலாம் இலக்க மெட்ரோவில் ஏறி ஃப்ரொக்னர்சேத்தரனில் இறங்கினால் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தடம் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ரயிலில் கால்வைக்க இடமிருக்காது, பாதி இடத்தை ஸ்கீக்களே பிடித்திருக்கும். புதிதாக வருபவர்களைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். இறகு அடைத்த மொத்தமான டவுண் ஜக்கெட், உள்ளே பருத்தி பெனியன், கீழே ஜீன்ஸ். கொஞ்ச நேரத்தில் வேர்த்துக்கொட்டும். ஜக்கெட் இடுப்புக்கு வந்துவிடும். பிறகு காட்டுக்குள் இருக்கிற உல்லெவோல்சேத்தர் விடுதியில் பணிசும் கோப்பியும் வாங்க வரிசையில் நிற்கும்போதுதான் விளையாட்டு ஆரம்பமாகும். நனைந்த பெனியன் முதுகில் ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை எல்லாம் உறிஞ்சிவிடும். போகும்போது யாருக்கும் குளிராது, நின்றால்தான் குளிரும்.

சமதளத்தில் ஸ்கீ போவது ஓட்டம் ஓடுவதற்குச் சமம். அதனால் வீட்டு வாசலில் நிற்கும்போது இலேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான உடுப்பு. தோலோடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதற்குமேல் காற்றுப் புகாத மெல்லிய மேல்சட்டை. தடித்த ஜக்கெட் பையில் கிடக்கட்டும், நின்றவுடன் எடுத்துப் போடுவதற்கு. மாற்றிக்கொள்ள இன்னொரு கம்பளி பெனியனும் பையில் இருந்தால் இன்னும் நல்லது.

இங்குள்ள வலைப் பெனியனைக் கண்டு நம்மவர்கள் சிரிப்பார்கள். 1933இல் ஹென்ரிக் புருன் என்ற நோர்வே இராணுவ அதிகாரி மீன்வலையை வைத்துச் செய்துபார்த்த சங்கதி அது. துளைகளில் காற்று தங்கும், வேர்வை தோலில் நிற்காமல் மேலே உள்ள துணிக்குப் போய்விடும். எண்பதுகளில் வட நோர்வேயின் ஃபின்மார்க் மீன் ஆலைகளில் வேலை செய்த அண்ணைமார் சிலர் இன்றைக்கும் அதைத்தான் போடுகிறார்கள். விலைகூடிய கம்பளிக்காரர்களைப் பார்த்து அவர்கள் சிரிக்கிற முறை இப்போது.

அடுத்தது ஸ்கீ. எல்லோரும் உயரத்தைச் சொல்லி வாங்குகிறார்கள். உயரத்தைவிட உடம்பு நிறைதான் முக்கியம். ஸ்கீயின் நடுப்பகுதி வில்லாக வளைந்து நிற்கும். உந்தும்போது அந்த வில் நிலத்தில் அமுங்க வேண்டும், வழுக்கும்போது மேலே எழ வேண்டும். கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம். மட்டமான தரையில் இரண்டு ஸ்கீயிலும் சமமாக ஏறி நில்லுங்கள். காலுக்கு நேரே ஸ்கீயின் அடியில் ஒரு கடதாசியை விட்டால் அது முன்னும் பின்னும் தாராளமாக நகர வேண்டும். இப்போது முழு நிறையையும் ஒரு காலுக்குக் கொண்டுவாருங்கள். கடதாசி அசையக் கூடாது. ஒற்றைக் காலிலும் கடதாசி நகர்ந்தால் அந்த ஸ்கீ உங்களுக்கு விறைப்புக் கூட, ஏற்றத்தில் பின்னுக்கு வழுக்கும். இரண்டு காலில் நிற்கும்போதே பிடித்துக்கொண்டால் வாங்க வேண்டாம், அது தரையை உரசிக்கொண்டே வரும்.

ஏற்றத்தில் வழுக்காமல் பனியைப் பிடிக்க ஸ்கீயின் அடியில் பூசுகிற மெழுகு பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. ஒரு ஏற்றத்தில் நான் தட்டுத்தடுமாறிக்கொண்டு இருந்தேன். எழுபது தாண்டிய ஓர் அம்மா என்னைக் கடந்து போய், பிறகு திரும்பி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பனியை விரலால் நசுக்கிப் பார்த்தார், இடுப்புப் பையிலிருந்து நீல மெழுகு டப்பாவையும் ஒரு தக்கையையும் எடுத்தார். என் சப்பாத்தின் குதி வரும் இடத்திலிருந்து முன்பக்கமாக ஒரு முழம் அளவுக்கு மெல்லிசாகப் பூசி, தக்கையால் பளபளக்கும்வரை தேய்த்தார். அதற்குமேல் இன்னொரு மெல்லிய பூச்சு, மறுபடி தேய்ப்பு. மொத்தமாக ஒரே தடவையில் அப்பக் கூடாது என்று அதட்டினார். கொஞ்ச நேரம் ஆறவிட்டுத்தான் ஏறச் சொன்னார். கடுங்குளிருக்குப் பச்சை, சைபருக்குக் கீழே சில பாகைக்கு நீலம், சைபரை ஒட்டி ஊதா, அதற்கும் மேலே போனால் சிவப்பு. கெட்டியான மெழுகின் மேல் இளகிய மெழுகு பிடிக்கும், மாறிப் பூசினால் பிடிக்காது. காலையில் நீலத்தோடு போய், மத்தியானம் வெயில் ஏறினால் அதன்மேலேயே ஊதாவைப் பூசிக்கொண்டு வரலாம்.

துரோன்ஹெய்ம்

அண்ணா, நான் இங்கே படிக்க வந்தவன், சொந்த ஊர் மதுரை. மெழுகுப் புராணம் எல்லாம் படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனால் எனக்குப் பொறுமை கிடையாது. மெழுகுக்குப் பதில் காலுக்கடியில் மொஹேர் என்ற ஆட்டு ரோமப் பட்டை ஒட்டிய ஸ்கீயைத்தான் சிபாரிசு செய்வேன். வேகம் கொஞ்சம் குறைவு, சரி. ஆனால் துரோன்ஹெய்மில் பனி காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி, சாயங்காலம் மழை. எந்த டப்பாவை எடுப்பது என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியதில்லை. சைபர் டிகிரியில் புதுப்பனி விழும்போது மட்டும் பட்டையில் பனி உருண்டு ஒட்டும், அதற்கென்று ஒரு திரவம் இருக்கிறது, முன்னாடியே தடவிவிட்டுப் போக வேண்டும்.

கிளிஸ்டர் என்று ட்யூபில் ஒரு பிசின் விற்பார்கள், ஐஸாகிப்போன தடத்துக்கு. அது வேலை செய்யும். என் ரூம்மேட்டின் கையுறை, பை, கதவுக் கைப்பிடி எல்லாவற்றிலும் வேலை செய்தது.

புதிதாக வந்தவர்கள் கடைக்கு ஓடுவதற்கு முன் உங்கள் ஊரில் 'புவா' இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கீ, பூட்ஸ், தடி எல்லாம் இரவல் தருவார்கள், காசு இல்லை. இரண்டு மூன்று அளவு போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பழைய சாமான் சந்தையில் வாங்கலாம். பூட்ஸ் அடியில் இருக்கும் கம்பியும் ஸ்கீயில் இருக்கும் பிடியும் ஒரே வகையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தடத்துக்கு ஒரு வகை, மலைக்கு அகலமான வேறு வகை, ஒன்றுக்கொன்று சேராது.

சென்னை

எனக்கு ஸ்கீ தெரியாது, மலை மட்டும்தான். உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தேன். 1965இல் தொடங்கிய நிறுவனம், 28 நாள் பயிற்சி. சேர்ந்தவுடன் ஆளாளுக்கு என்ன வாங்கலாம் என்று பரபரப்பார்கள். தயவுசெய்து ஐஸ் கோடாரியும், பூட்ஸுக்கு அடியில் கட்டும் முள் சட்டமான கிராம்பானும் வாங்காதீர்கள். பூட்ஸ், பை, தூங்கும் பை, கயிற்றோடு இணைக்கும் இடுப்புப் பட்டையான ஹார்னஸ் எல்லாம் அங்கே ஸ்டோரில் தருவார்கள். நீங்கள் கொண்டுபோக வேண்டியது உடம்பில் ஒட்டும் சாமான்: நல்ல சாக்ஸ், உள்ளாடை, கையுறை இரண்டு செட், ஹெட்லாம்ப், கறுப்புக் கண்ணாடி. அப்புறம், ஊரிலேயே போட்டு நடந்து பழகிய ஒரு ட்ரெக்கிங் ஷூ. புது ஷூவோடு வந்தவர்களின் குதிகாலை முதல் வாரத்திலேயே பார்த்தேன், சொல்லும்படி இல்லை.

பூட்ஸ் வாங்குகிற வரிசையில் ஒரு காட்சி. எனக்கு முன்னால் நின்ற கோயம்புத்தூர்க்காரர் "எட்டு" என்று நம்பரைச் சொல்லி வாங்கிக்கொண்டு நகரப் போனார். பயிற்றுநர் விடவில்லை. மலையில் போடப்போகும் தடித்த சாக்ஸைப் போடச் சொன்னார். லேஸ் கட்டாமல் விரல் நுனி முட்டும்வரை காலை முன்னால் தள்ளச் சொல்லி, குதிக்குப் பின்னால் தன் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. அடுத்த அளவு கொடுத்து, லேஸை இறுக்கக் கட்டவைத்து, சரிவான படியில் கீழ்நோக்கி நிறுத்தி முன்னங்காலைத் தட்டச் சொன்னார். விரல் முட்டினால் இறங்கும்போது நகம் கறுத்து விழும், அதோடு ரத்த ஓட்டமும் குறைந்து விரல் மரத்துப்போகும் என்றார். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டாவது சாக்ஸைத் திணிப்பவர்களுக்கும் இதே கதிதான்.

கிராம்பான் விஷயத்தில் இரண்டே எச்சரிக்கை. மதியத்துக்கு மேல் பனி இளகினால் முள்ளுக்கு நடுவே உருண்டு கட்டிக்கொள்ளும். முள் தரையையே தொடாது, ஹை ஹீல்ஸ் போட்டது போல நிற்பீர்கள். அடியில் பிளாஸ்டிக் தகடு இருக்கிறதா என்று ஸ்டோரில் வாங்கும்போதே பாருங்கள். தகடு இருந்தாலும் ஐஸ் கோடாரியின் தண்டால் பூட்ஸ் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். இரண்டாவது, தொளதொள பேண்ட். உள்பக்கத் துணியில் முள் மாட்டினால் ஆள் தலைகுப்புறப் போவார். பேண்டின் மேல் கட்டும் கால் உறையான கெய்ட்டர் கட்டுங்கள், கிராம்பான் பட்டையின் மிச்ச நுனியை உள்ளே சொருகுங்கள், காலை அகட்டி நடங்கள்.

வெயிலைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். நாம் கறுப்புத்தானே, நமக்கு என்ன ஆகும் என்ற எண்ணம் வேறு. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். எனக்குத் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்துக்கு உள்ளேயும் தோல் உரிந்தது. கீழிருந்து வெயில் வருமென்று ஊரில் யாருக்குத் தெரியும்! மேகமாக இருந்தாலும் கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

ராத்திரிக்கு: தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், மேல்பக்கம்தான் முதலில் உறையும், மூடி திறக்கும். பூட்ஸின் உள்ளுறை, ஹெட்லாம்ப் பேட்டரி, போன் மூன்றும் தூங்கும் பைக்குள் உங்களோடு படுக்கட்டும்.

பேர்கன்

காட்டுத் தடத்துக்கும் மேல்மலைக்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது எழுத வேண்டும் என்று நினைத்தேன். நான் சொல்வது ஃபின்சே பக்கம். பேர்கன் ரயில் பாதையில் 1222 மீட்டர் உயரத்தில் இருக்கிற நிலையம், காரில் போக வழியில்லை. ஷாக்கில்டன் 1914இல் தன் தென்துருவப் பயணத்துக்கான சாமான்களைச் சோதித்துப் பார்க்க வந்த இடம். அங்கே மரம் கிடையாது, அதனால் காற்றுக்கு மறைப்பும் கிடையாது. மைனஸ் 10 பாகையில் விநாடிக்கு 10 மீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20.

ஈஸ்டர் சமயத்தில் குச்சி நட்டு அடையாளமிட்ட பாதையில் போய்க்கொண்டிருந்தோம். காற்று எழும்பியது. தரைப்பனி முழங்கால் உயரத்துக்குப் புகைபோலப் பறந்தது. சாப்பிட நிற்பதா வேண்டாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, முன்னால் சிவப்பாக ஒரு பெரிய மூட்டை தரையில் கிடந்து படபடத்தது. கிட்டப் போனால் உள்ளே பேச்சுச் சத்தம். ஓய்வூதியக்காரர்கள் மூன்று பேர் காற்றை மறைக்கிற ஒரு நைலோன் காற்றுப்பையைத் தலைக்குமேலால் இழுத்துவிட்டு, நுரைப்பாயில் குந்தியிருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டு இருந்தார்கள். "இடம் இருக்கு, வாங்கோ" என்பதுபோல் ஓரத்தைத் தூக்கினார்கள். உள்ளே போன சில நிமிடங்களில் கண்ணாடியில் ஆவி பிடித்தது. ஐந்து பேரின் மூச்சுச் சூடு, அவ்வளவுதான். வெளியே கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்தது, உள்ளே வெறுங்கையால் பாண் பிரித்துச் சாப்பிட்டோம். அந்தக் காற்றுப்பையின் நிறை ஒரு கிலோ அளவில்தான் வரும். மேல்மலைக்கு ஒரே ஒரு சாமான் வாங்கக் காசு இருந்தால் அதையே வாங்குங்கள், ஸ்கீயை இரவல் எடுங்கள்.

அவர்களில் ஒருவர் எங்கள் பைகளைக் கிண்டிப் பார்க்காத குறையாகக் கேட்டார். பனி அள்ளுகிற மண்வெட்டி எங்கே? அடியிலே கிடக்கிறது என்றோம். "அடியில் கிடந்தால் இல்லாத மாதிரித்தான்" என்றார். காற்றுப்பை, தடித்த ஜக்கெட், மண்வெட்டி மூன்றும் மேலே, கையுறை கழற்றாமல் எடுக்கிற இடத்தில் இருக்க வேண்டும். ஜிப்புகளுக்கெல்லாம் கயிறு முடிந்து வைத்திருந்தார்கள், விரல் பிரியாத கையுறையோடு இழுப்பதற்கு. கையுறைக்கும் மணிக்கட்டில் கயிறு. அங்கே ஒரு கையுறை பறந்தால் ஓடிப் பிடிக்க முடியாது.

அப்புறம், மேல்மலைக்குத் தடத்து ஸ்கீ போதாது. அகலம் கூடிய, இரும்பு விளிம்பு வைத்த ஸ்கீ வேண்டும், இறுகிய சரிவில் அதுதான் பிடிக்கும். நோர்வேயின் ஒன்பது மலை விதிகளில் எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது. அன்றைக்கு நாங்களும் அவர்களோடு சேர்ந்து ஃபின்சேக்கே திரும்பிவிட்டோம்.

துரொம்சோ

துரொம்சோவுக்குக் கிழக்கே லிங்கன் மலைகள் பக்கம் ஏறுகிறவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். 30 பாகைக்கு மேல் சரிவான பக்கத்தில் ஏறினாலோ, அதற்குக் கீழே நடந்தாலோ, பனிச்சரிவுச் சாமான் மூன்றும் ஆளுக்கொன்று வேண்டும்: பனியில் புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் மடக்குக் கோல், தோண்ட மண்வெட்டி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் சுமைதான். கருவி எந்தக் கொம்பனி என்று மண்டையை உடைக்க வேண்டாம், எல்லாம் 457 கிலோஹேர்ட்சில்தான் பேசும். உடம்போடு கட்டுங்கள், பையில் வைக்காதீர்கள். கைத்தொலைபேசியை அதற்குக் கிட்ட வைக்கவே வேண்டாம், தேடும்போது இன்னும் தூரமாக வையுங்கள். சூடேற்றும் கையுறை, காந்தப் பொத்தான் இரண்டும் அதைக் குழப்பும். பிளாஸ்டிக் மண்வெட்டி மலிவு, ஆனால் சரிந்து இறுகிய பனி சீமெந்து மாதிரி, அதில் உடையும். உலோகத்தையே வாங்குங்கள். புறப்படுமுன் வார்சோம் என்ற நோர்வேப் பனிச்சரிவு எச்சரிக்கை இணையத்தளத்தில் அன்றைய எச்சரிக்கை எத்தனையாம் நிலை என்று பார்த்தால், சில நாட்களில் இந்தச் சாமான் எதுவுமே தேவைப்படாது, வீட்டிலேயே இருந்துவிடுவீர்கள்.

சென்னைத் தம்பி, மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கறுப்புக் கண்ணாடிக்கு என்ன செய்தார்கள் அங்கே?

சென்னை

அக்கா, பவர் போட்டே கறுப்புக் கண்ணாடி செய்துகொண்டு வந்தவர்கள் பிழைத்தார்கள். மேலே கிளிப் மாட்டியவர்களுக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் புகுந்தது, டேப்பும் அட்டையும் ஒட்டிச் சமாளித்தார்கள். ஆவி படியாமலிருக்க முகத்துணியை மூக்குக்குக் கீழே இறக்கிவிட வேண்டும், அப்போது மூக்கு எரியும். அதற்குத்தான் சன்ஸ்கிரீன்.